மெயின் வால்வு

சோபாவின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையை அவளும் பிடித்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் கூடத்தின் நடுவில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தள்ளத் தள்ள, சோபாவின் மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு சலசலத்தது.

வாசலில் அப்பாவின் கூட்டாளி வந்து நின்றார். முப்பது வருஷம் இருவரும் சேர்ந்து குழாய் வேலை பார்த்தவர்கள். எல்லோருக்கும் அவர் ஸ்பேனர். அவளுக்கு மட்டும் மாமா. யார் வீட்டுத் தொட்டிக்குள்ளோ இறங்கியிருந்தபோது செய்தி போயிருக்கிறது. இடுப்புவரை ஈரம்.

"உட்காருங்க மாமா."

"வேணாம் பாப்பா, ஈரத்துணி," என்று சொல்லித் தரையில் குந்தினார்.

அழுவார் என்று பார்த்தால் அவருக்குப் பேச்சுதான் வந்தது. சிலருக்குத் துக்கம் வாய் வழியாகத்தான் இறங்கும்.

நான்கு மாதத்துக்கு முன்னால்தான் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். சிறுநீர்க் குழாயும் பையுமாக இரண்டு வாரம் கிடந்தபோதுகூட மனிதர் கலங்கவில்லை. "டெம்பரவரி கனெக்‌ஷன்" என்று வந்தவர்களிடமெல்லாம் பையைத் தூக்கிக் காட்டினார். குழாயை எடுத்த பிறகுதான் வினை. இருமினால் சொட்டியது, எழுந்தால் சொட்டியது. "ஊர் ஒழுகலை எல்லாம் அடைச்சவனுக்கு வாஷர் போச்சு," என்று அதற்கும் சிரித்தார். மூன்றாம் மாதப் பரிசோதனையில் ரத்தத்தில் நோயின் தடயமே இல்லை. "தப்பிச்சிட்டீங்க. ஒழுகுறது போகப்போக நின்னுடும். தண்ணிய மட்டும் குறைச்சிடாதீங்க, கிருமி புகுந்துடும்," என்றார் டாக்டர்.

அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். அளந்து பழகிய கை. இரண்டு லிட்டர் பாட்டிலில் நான்கு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதி, அப்பாவின் கையெட்டும் தூரத்தில் வைத்தாள். வேலைவிட்டு வந்ததும் முதல் பார்வை அதன்மேல்தான். முதல் வாரம் ஒரு கோடு மிஞ்சும். பிறகு ஒரு நாளும் ஒரு சொட்டு மிஞ்சியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முந்தாநாள் குளிர்காய்ச்சல். நேற்றுக் காலை பேச்சு குழறியது. சிறுநீரில் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்ட டாக்டரிடம் அவள் சண்டைக்கே போய்விட்டாள். "தினம் ரெண்டு லிட்டர் சார். நானே அளந்து வெச்சேன்." இன்று விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது.

"உங்க அப்பா மூளை யாருக்கு வரும்?" மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "போன வாரம் சும்மா துணைக்குன்னு என்கூட ஒரு வேலைக்கு வந்தார். நாலு மணி நேரம், ஒரு தடவைகூட பாத்ரூம் பக்கம் ஓடல. எப்படிண்ணேன்னு கேட்டேன். 'ஒழுகல் நிக்கலைன்னா நாம என்னடா செய்வோம்? மெயின் வால்வை மூடுவோம்ல? மூடிட்டேன்'னார். காலையில மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதோட சரியாம். பாட்டில் தண்ணி பூரா சிங்க்ல. 'எம் பொண்ணு கோடு போட்டு வெச்சிருக்காடா, கோட்டுக்குக் கோடு சரியா ஊத்தணும்'னு ஒரே சிரிப்பு."

அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் பாட்டிலைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து மாமா?"

"மூணு வாரம் இருக்கும். உங்க அண்ணனோட மாமனார் வீட்டுலேர்ந்து பார்க்க வந்தாங்களே, அன்னிலேர்ந்து."

அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கடைக்கு ஓடி இந்த விரிப்பை வாங்கிவந்தது அவள்தான். "வர்றவங்க முன்னாடி ஏதாவது ஆயிட்டா நமக்குத்தானேப்பா அசிங்கம்," என்று சொல்லிக்கொண்டே விரித்தாள். ஓரம் சுருண்டிருந்ததை அப்பாவே குனிந்து இழுத்துவிட்டார்.

"அதுக்கப்புறம் அவர் அதுல உட்காரவே இல்ல," என்றாள் மூலையிலிருந்த அம்மா. குற்றம் சொல்கிற குரல் இல்லை.

தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டு அண்ணன் வெளியே போனான். அவள் விரிப்பை உருவினாள். கடையில் மடித்த மடிப்பு கட்டம் கட்டமாக அப்படியே இருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேனப்பா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கேட்க வேண்டியவர் வண்டியில் இருந்தார்.

"மாமா, மேல வந்து உட்காருங்க."

"சோபா நனைஞ்சிடும் பாப்பா."

"நனையட்டும்."

கையைப் பிடித்து எழுப்பினாள். நுனியில் உட்கார்ந்தவரைத் தோளைப் பிடித்து நன்றாகச் சாயவைத்தாள். வெளியே அண்ணன் கூப்பிடும்வரை அவர் அப்படியே இருந்தார். பிறகு தூக்குவதற்கு எழுந்து போனார்.

அவர் இருந்த இடத்தில் ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது. பழக்கதோஷத்தில் அம்மா ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"துடைக்காதம்மா," என்றாள் அவள். ஈரத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.