முன்நார்

இது மழைக்காலத்தில் நடந்ததா, அதற்கு முன்பா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. பேச்சிலும் ஒன்றிரண்டு வார்த்தை மாறியிருக்கலாம். அந்தக் கால் நின்றது மட்டும் மாறாது.

அவள் மருத்துவக் கல்லூரியில் இறந்தவர் உடல்களை அறுத்துப் பாடத்துக்குத் தயார் செய்பவள். அவள் தம்பி துணிக்கடை வாசலில் காவலாள். இடுப்பை முன்னால் தள்ளி, வலது பாதத்தை வெளியே திருப்பி, நாளெல்லாம் அசையாமல் நிற்பான்.

"கால் கடுக்கலையாடா?"

"நீதானேக்கா சொன்னே, இடுப்புக்கு முன்னால கெட்டி நார் ஒண்ணு இருக்கு, அதுல சாஞ்சுக்கிட்டா தசைக்கு வேலையே இல்லன்னு. நான் நிக்கல, தொங்குறேன்."

"போதும்டா, உக்காரு" என்பாள். உடனே உட்கார்ந்துவிடுவான்.

அவன் தன் உடலையும் அந்தக் கல்லூரிக்கே எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்தான். அங்கே வேலை செய்பவர் மேசைக்கு அவருடைய உறவுக்காரர் உடல் வரக்கூடாது என்பது கட்டாயம். வேறு ஊர்க் கல்லூரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த வருடம் அவள் மேசைக்கு ஓர் இடுப்பும் வலது காலும் வந்தன. முகமில்லை, பெயரில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த தசைகளை எடுத்துவிட்டாள். நார்கள்தான் மிச்சம். தொடையை மடக்கினால் அவை தளரும்; பின்னால் நீட்டினால் முறுக்கிக்கொண்டு தொடை எலும்பின் உருண்டையை இடுப்புக் குழிக்குள் இறுக்கும். மடக்கி, ஈரத்துணி போர்த்திவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தால் கால் நீண்டு கிடந்தது. பாதம் வெளியே திரும்பியிருந்தது.

"தொட்டியா?" என்று கூட வேலை பார்க்கும் ஓட்டைவாயனைக் கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா? காஞ்சா நார் இழுக்கும்க்கா."

"ஈரத்துணி போட்டிருக்கேன்."

துணியைத் தொட்டுப் பார்த்தவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான்.

நார்களை வெட்டினால் உருண்டை கழன்று வருவதை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது பேராசிரியர் உத்தரவு. இடுப்புக்குப் பின்னால் இருந்த நாரை வெட்டினாள். முன்னால் இருந்த கெட்டி நாரை, முன்நாரை, வெட்டுமுன் அது எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்கக் காலைத் தரையில் ஊன்றி, இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்தாள். நார் விறைத்தது. கையை மெல்ல எடுத்தாள். முட்டி மடங்கியிருக்க வேண்டும். கணுக்கால் சரிந்திருக்க வேண்டும். அது நின்றது, கடை வாசலில் நிற்பதுபோல.

"போதும்டா, உக்காரு."

கால் மெதுவாக மடங்கியது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தம்பியின் உடல் எங்கே போனது என்று ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் போடவில்லை.

ஓட்டைவாயன் வேலையை விட்டுப் பேருந்து ஓட்டப் போனான். பேராசிரியர் ஓய்வு பெற்றார். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்தக் காலும் முன்நார் அறுபடாமல் கண்ணாடித் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது.