பிரெஞ்சு மாதா பாட்டு

சித்தப்பாவின் செத்தவீட்டில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவே எனக்குப் போதுமாயிற்று.

குருநகரில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வளவுக்குள். அவர் செத்தால் எங்களுடையதும் செத்தவீடுதான். முப்பத்தோராம் நாள் பூசை முடியுமட்டும் ரேடியோ இல்லை, ரீவி இல்லை, பாட்டு இல்லை. செபமும் கோயில் பாட்டும் மட்டும்.

எனக்கோ அதே முப்பத்தோராம் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு நல்லூரில் ஒரு சின்ன மண்டபத்தில் பிரெஞ்சுப் பாட்டுப் பாட வேண்டும். கவிதைக்கு இசையமைத்து, பியானோவுடன் ஒருவர் மட்டும் நின்று பாடுகிற வகைப் பாட்டு. கொழும்பிலிருக்கும் வித்தியா மிஸ் இரண்டு வருடமாகப் போன் திரையில் சொல்லித்தந்தது. கேட்க வருகிறவர் பிரான்சில் ஓர் இசைப்பள்ளி ஆசிரியை. பிடித்திருந்தால் ஒரு வருடப் படிப்புக்கு இடம் தருவார். இருபத்தாறு வயதில் ஐஸ் கம்பனியில் போன் எடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு வேறு வாசல் கிடையாது.

பூசை காலையில், பாட்டு பின்னேரம். சமாளிக்கலாம். ஆனால் பயிற்சி செய்வது எப்படி?

ஐந்தாம் நாள் சித்தப்பாவின் மனைவியான சின்னம்மாவுக்குக் கோப்பி ஊற்றும்போது என்னையறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்துவிட்டேன்.

"என்ன பாட்டு ஷெரோன் அது?" என்று கேட்டார் ஸ்ரெல்லா சின்னம்மா.

"மாதா பாட்டு, சின்னம்மா. அந்தக் காலத்திலை பிரெஞ்சுச் சுவாமிமார் கொண்டுவந்தது."

வாய் கொஞ்சமும் கூசவில்லை. வெள்ளைக்காரச் சுவாமிமாரின் பேரைச் சொன்னால் எங்கள் கோயில் பங்கில் மறுகேள்வி இராது.

"அப்ப சித்தப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு வடிவாப் படி."

படித்தேன், ஒவ்வொரு நாளும். உண்மையில் அந்தப் பாட்டில் ஒருத்தி விளக்கேற்றிவைத்துச் சன்னலடியில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. விடிந்ததும் விளக்கை ஊதி அணைத்துவிடுகிறாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைக் கேட்டு நெற்றியில் சிலுவை போட்டார்கள். ஒரு மனிசி முழங்காலிலேயே விழுந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. குரலோ நாளுக்கு நாள் திறந்துகொண்டு வந்தது. நான் அந்த நாட்களில் சந்தோசமாகத்தான் இருந்தேன், செத்தவீட்டில்.

இருபத்தெட்டாம் நாள் சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பூசையைப் பின்னேரம் ஐஞ்சு மணிக்கு மாத்திப்போட்டன். அங்கை அப்ப மத்தியானம், கனிசியசுக்கு வேலையிலை இடைவேளை, போனிலை பாப்பான். நற்கருணைக்குப் பிறகு நீ அந்த மாதா பாட்டைப் படிக்கோணும். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

கனிசியஸ் அண்ணை சின்னம்மாவின் ஒரே மகன். பதினொரு வருடமாகப் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையலும் கழுவலுமாக நிற்கிறார். விசா இல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதால் தகப்பனின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க வரவில்லை. பிரெஞ்சு என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டதுமே பொய் அவருக்குப் பிடிபட்டுவிடும்; ஐந்து மணிக்கு நல்லூருக்கும் போக முடியாது. அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்த மனிசன்ரை படத்துக்கு முன்னாலை காதல் பாட்டோ படிச்சனி? அவ தாங்கமாட்டா. வாய் திறந்தியோ, பார்!" என்றார் அம்மா.

மிஸ்ஸிடம் நேரத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த ஆசிரியை அன்று நான்கு மணிக்குத்தான் வந்து ஆறு மணிக்கே புறப்படுகிறார், முடியாது என்றார். உண்மையைச் சொல்லிவிட மூன்று நாளும் சின்னம்மாவின் கதிரைவரை போவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். "கோப்பி போடட்டோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பூசையன்று கோயிலில் சின்னம்மாவின் போனைத் தூணோடு கட்டிவைத்திருந்தார்கள். அதற்குள் கனிசியஸ் அண்ணையின் முகம். என் போன் கைப்பைக்குள் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. நான் பாடினேன். அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் பாடியதில்லை. அதுதான் இன்றைக்கும் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

பூசை முடிந்ததும் சின்னம்மா போனைக் கழற்றி என் கையில் தந்தார். "அண்ணை உன்னோடை கதைக்கோணுமாம்."

கோயில் மணிக்கூண்டுப் பக்கம் ஒதுங்கினேன்.

"அது மாதா பாட்டில்லை" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவருக்குப் பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"சன்னலடியிலை நிக்கிறது அம்மாதான், ஷெரோன். வராதவன் நான்." அவருடைய குரல் உடைந்துபோயிற்று. "அப்பாவுக்கு நான் இண்டைக்குத்தான் அழுதனான். அம்மாட்டை உண்மையைச் சொல்லிப்போடாதை. மாதா பாட்டெண்டுதான் நானும் சொன்னனான்."

கைப்பையைத் திறந்து பார்த்தேன். மிஸ் பதினான்கு தடவை அழைத்திருந்தார். கடைசியாக ஒரு குறுஞ்செய்தி: "பிரெஞ்சு ரீச்சர் வெளிக்கிட்டிட்டா."

சின்னம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு நாளில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் தெளிவைக் கண்டேன்.

"ஆண்டுப் பூசைக்கும் நீதான் படிக்கோணும். அவனுக்கு விசா கிடைச்சு வருமட்டும் வருசா வருசம் படி பிள்ளை, என்ன?"

அண்ணைக்கு விசா கிடைக்கப்போவதில்லை என்பது எங்கள் வளவில் சின்னம்மாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"ஓம் சின்னம்மா" என்றேன்.