நாலாவது ரசவடை

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் இசக்கிசெல்வி, தன் முதல் கதையைச் சேலைப் பெட்டி அட்டைகளில் எழுதினாள். சாப்பாட்டை வைத்து ஒரு கதை எழுதி வரும்படி வாசகர் வட்டத்தில் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் மதியம் லிங்கத்தின் பலகாரக் கடையில் உட்கார்ந்து ரசவடை சாப்பிட்டாள். ஒரு வாய் வடை, ஒரு வரி கதை.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவள் முறை வந்தது. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். கதையில் ஒரு பெண், தன்னைப் பெண் பார்க்க வருகிறவனுக்காக ஒரு கடையில் காத்திருக்கிறாள். பதற்றத்தில் ரசவடைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறாள்.

"கரண்டி பட்டதும் நாலாவது வடை பஞ்சு மாதிரிப் பிளந்தது. மிளகும் காயமும் மணக்க, சூடான ரசம் உள்ளேயிருந்து கசிந்தது" என்று செல்வி வாசித்தபோது ஒரு வயிறு கடகடவென்று உருண்டது. கூட்டத்தை நடத்திய ஹரிநாராயணனின் வயிறு.

அவர் எழுந்துவிட்டார். "மன்னிக்கணும்மா. காலம்பற வெறும் காப்பியோட வந்துட்டேன். அந்தக் கடை எங்க இருக்கு?"

"எதிர்த்தாப்புலதான் சார்."

அவர் பின்னால் மொத்தக் கூட்டமும் கிளம்பியது. செல்வி அட்டையும் கையுமாக நின்றாள்.

"ஏட்டி, கதை அவ்வளவு மோசமா?" என்று தன்னோடு வேலை பார்க்கும் ஸ்மிதாவிடம் கேட்டாள்.

"எடீ, செருப்பைக்கூட மாத்திப் போட்டுட்டு ஓடுறாங்கல்லே. வேற யாரோட கதைக்கு இப்படி ஓடினாங்க? வா."

லிங்கத்தின் கடையில் ரசவடைக் கிண்ணங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. செல்வியைக் கண்டதும் ஹரிநாராயணன் நாற்காலியை நகர்த்தினார். "பாக்கியையும் வாசிச்சுடும்மா."

"கொஞ்சம் உரக்க வாசி மக்களே, அடுப்புச் சத்தத்துல கேக்காது" என்றார் லிங்கம்.

அட்டையில் இருந்த முடிவு அவளுக்கே இப்போது சப்பென்று தெரிந்தது. பெண் வெட்கப்படுகிறாள், சரி என்கிறாள், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தாள். யார் கதையையும் இதுவரை பாராட்டாத பட்டாபி, மூலையில் ரசத்தை மட்டும் உறிஞ்சிவிட்டு வடையை ஒதுக்கி வைத்திருந்தார்.

செல்வி அட்டையை மடக்கினாள். வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "அவன் வந்து எதிரே உட்கார்ந்தான். ரசத்தைக் குடித்தான். வடையைத் தொடவேயில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். 'வடையை விட்டுட்டு ரசத்தை மட்டும் குடிக்கிறவரை நான் எப்படிக் கட்டிக்கிறது? நான் கிளம்புறேன்' என்றாள்."

எல்லாத் தலைகளும் மூலைப் பக்கம் திரும்பின. பட்டாபி அவசரமாக முழு வடையையும் வாயில் திணித்துக்கொண்டார். கடையே சிரித்தது. ஸ்மிதாவுக்குப் புரையேறியது. லிங்கம் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டாபி மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"முடிவு பரவாயில்லை" என்றார். "இன்னொண்ணு கொண்டு வரச் சொல்லுங்கோ."