பதினேழாவது கேள்வி

என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று சத்தியமே செய்வேன். பெரிய வண்டி லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் கீழே மூன்றாம் கவுண்டரில் விண்ணப்பத்துக்கு முத்திரை வாங்க வேண்டும். பிறகு மாடியில் டாக்டரம்மாவிடம் கண், காது, பிரஷர் எல்லாம் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கீழே இறங்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, ஓடாது.

ஒன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இந்த வருடம் பள்ளியில் ஐம்பது சீட் பஸ் வாங்கினார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசித் திங்கக்கிழமைக்குள்ள லைசென்ஸ் கொண்டு வந்துட்டீங்கன்னா பஸ் உங்களுக்குத்தான். இல்லேன்னா வெளியில ஆள் எடுத்துருவேன்மா" என்றார். ஓட்டிக் காட்டும் தேர்வில் ஒரே தடவையில் பாஸ் செய்துவிட்டேன். காகிதம்தான் பாக்கி. வாட்ச்மேன் பார்க்காத நேரத்தில் அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஹாரன்கூட அடித்துப் பார்த்தாயிற்று. அதில் வேறு எவனாவது உட்காருவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் கவுண்டர்காரருக்கு நான் வைத்த பெயர் முத்திரை. முதல் நாள் என் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காது தெரியலையேம்மா."

"இந்தா பாருங்க சார், ரெண்டும் இங்கதான இருக்கு?"

"எனக்குத் தெரியுது. போட்டோவுல தெரியலையே."

கடை தேடி ஓடி, முடியை இழுத்துக் கட்டிப் போட்டோ எடுத்து வந்து, முத்திரை வாங்கி, மூச்சு வாங்க மாடி ஏறினேன். டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்று எழுபதுக்கு மேல்.

"ஏம்மா இவ்வளவு இருக்கு?"

"கீழ மூணாம் கவுண்டர்ல ஒருத்தர் இருக்காரு டாக்டரம்மா. அவரோட அஞ்சு நிமிஷம் பேசிப் பாருங்க, உங்களுக்கும் ஏறும்."

சிரித்துவிட்டார். அடுத்த வாரம் நிதானமாக வரச் சொன்னார்.

மாடியில் ஒரு தடவை தவறினால் விண்ணப்பம், முத்திரை எல்லாம் முதலிலிருந்து. அடுத்த வாரம் முத்திரைக்கு மை பிடிக்கவில்லை. நீல மையில் எழுதியிருந்தேனாம், கருப்பு மைதான் வேண்டுமாம். முப்பத்திரண்டு கேள்வி! நின்றுகொண்டே எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். வலிப்பு உண்டா, இல்லை. மாலைக்கண் உண்டா, இல்லை. பதினேழாவது கேள்வி, உயர் இரத்த அழுத்தம் உண்டா. இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனேன். மாடியில் மறுபடியும் அதே நூற்று எழுபது. இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வாங்க. அதான் கடைசி" என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார். "கொஞ்ச நாளா காலையில எந்திரிக்கும்போதே தலையப் புடிச்சுக்கறியே, என்னன்னு கேட்டியா?"

"என்னத்தக் கேக்குறது? எல்லாம் அந்த மூணாம் கவுண்டரால வர்ற தலைவலி."

"சரி விடு. வெள்ளிக்கிழமை முத்திரைகிட்ட நான் போறேன். நீ அந்தாள் மூஞ்சியிலயே முழிக்க வேணாம், நேரா மாடிக்குப் போ."

அப்படியே செய்தோம். வீட்டுக்காரர் மூன்றே நிமிடத்தில் முத்திரை குத்திய ஃபாரத்தோடு மேலே வந்து, "நல்ல மனுஷனாத்தான் இருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே அரைமணி நேரம் ஆற அமர உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை நீட்டினேன்.

நூற்று எழுபத்தெட்டு.

"இன்னைக்குக் கீழ என்னம்மா சண்டை?"

"நான் கீழ நிக்கவே இல்ல டாக்டரம்மா."

இன்னொரு கையிலும் பார்த்தார். அதேதான். "தலை சுத்துமா?"

"இல்ல" என்றேன்.

"போன வாரம் சுத்திச்சுன்னு வேனை ஓரமா நிறுத்தினேன்னு சொன்னியே" என்றார் வாசலில் நின்ற என் ஆள். முறைத்தேன். வெயில் என்றேன்.

"வேன்ல பிள்ளைங்க இருந்தாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பதினொரு பேர் இருந்தார்கள். டயரைப் பார்க்கிறேன் என்று அவர்களிடம் பொய் சொல்லி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிக் குட்டி ஜன்னல் வழியாக, "ஆன்ட்டி, டயர் சரியாயிடுச்சா?" என்று கேட்டது. எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ரெண்டு வாரம் சாப்பிட்டுட்டு வாங்க. அடங்கிடுச்சுன்னா நானே கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் வேனும் தொடக்கூடாது."

படிக்கட்டில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் செய்தேன். "சார், இந்த ஆபீஸ்ல..." என்று பழைய பாட்டுத்தான் வாயில் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், இந்த அலுவலகத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஊரே நம்பும். வீட்டுக்காரர் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீஸ் இல்ல சார். எனக்குத்தான் பிரஷர். திங்கக்கிழமை வேனுக்கும் ஆள் பாத்துக்குங்க."

"அப்போ பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கும்தான்."

"பஸ்ஸுக்கு ஆள் எடுத்துட்டா அப்புறம் திருப்பி அனுப்ப முடியாதும்மா. வேன் உங்களுக்கு இருக்கும், உடம்பப் பாத்துட்டு வாங்க" என்றார்.

கீழே இறங்கி மூன்றாம் கவுண்டரில் பழைய ஃபாரத்தை நீட்டினேன். "புது ஃபாரம் குடுங்க சார்."

"இதுல என்னம்மா தப்பு? எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"பதினேழு."

முத்திரை அந்த வரியைப் படித்தார், என்னைப் பார்த்தார். புது ஃபாரத்தோடு தன் சட்டைப் பையிலிருந்த கருப்புப் பேனாவையும் நீட்டினார். பதினேழாவது கேள்வியில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். டிக் கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது. போச்சு, இதற்கும் வேறு ஃபாரம் கேட்கப்போகிறார் என்று நின்றேன். அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.