உள்ளறைக்கு வந்த ஐஸ் மெசின்

முபீதின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கேற்றைத் தாண்டும்போதுதான் பாண்டிருப்புச் சுபாஸ்கரன் செப்புக் குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டியபடி எதிரே வந்து நின்றார். ஐஸ் மெசின் திருத்துகிறவர். முபீத் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து உயிர்போன செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. குழாயை மதிலோரம் வைத்துவிட்டு அவரும் அடக்கத்துக்கு மையவாடிக்கு நடந்தார்.

நதீரா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். புருசனைக் கொண்டுபோகிறார்கள், இவள் கண் குழாயில் நிற்கிறது. மனசு என்ன மனசோ. ஆனால் இனி அவளுக்குச் சோறு போடப்போவது அந்தக் குழாய்தான். வீட்டு முகப்பிலிருந்த சின்ன ஐஸ் கடை, மெசின் சூட்டில் வெந்துகொண்டிருந்தது. சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரை மட்டும் நேற்றுத்தான் முபீத் பின்னறையின் சிலாப்புக் கூரைக்கு மேல் பூட்டுவித்திருந்தான். மெசினோடு அதைக் குழாயால் இணைக்கிற வேலைதான் பாக்கி.

இனிக் கடையில் யார் நிற்பது? நதீரா இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் முன்னால் வர முடியாது. மகள் அப்னா விற்பாள். ஆனால் மெசினின் குணம் தெரிந்தவள் நதீராதான்.

மையவாடியால் வந்ததும் அவள் தம்பி ஹாதிக் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ராத்தா, மெசின நான் என்ட கடைக்கிக் கொண்டு போறன். உங்கட செலவெல்லாம் என்ட பொறுப்பு."

நல்ல மனசுக்காரன்தான். ஆனாலும் தம்பி போடுகிற சோற்றைத் தம்பி பொஞ்சாதியின் முகத்தைப் பார்த்துத்தான் தின்ன வேண்டும். நதீரா பின்னறையைப் பார்த்தாள். மையித்தைக் கிடத்தியிருந்த கட்டிலை வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒட்டினாற்போல் குளியலறை, தண்ணீர். நேர் மேலே கண்டென்சர்.

"அப்னா, சுபாஸ் அண்ணன்ட கேளு. மெசின இந்த அறைக்குள்ள வெக்க ஏலுமா எண்டு."

கதவுத் திரைக்கு அப்பாலிருந்து அவரே சொன்னார். "ஏலும் தங்கச்சி. சூடு மேலதானே போகும். இரைச்சல் கொஞ்சம் இரிக்கும். நாளைக்குத் தூக்க ஆளோட வாறன்."

"நாளைக்கி ஆளுக்கு எங்க போற? இண்டைக்கித்தான் வீடு நிறைய ஆம்புளயள் இரிக்காங்க."

வெளியே யாரோ சிரிப்பை விழுங்கிக்கொண்டு இருமினார்கள்.

"மவுத்தான வீட்டில மெசின் போட்டா ஊர் என்ன கதைக்கும் ராத்தா?"

"கதைக்கட்டும். அவர் பாதியில உட்டுட்டுப் போன வேல."

ஹாதிக் எழும்பினான். பிறகு சாரனை மடித்துக் கட்டினான். "நீங்க குசினிக்குப் போங்க. நாங்க தூக்குறம்."

ஜனாஸா சுமந்த தோள்களே மெசினையும் சுமந்தன. சுபாஸ்கரன் சிலாப்பில் துளை போட்டுக் குழாயை இறக்கிப் பற்றவைத்து, உள்ளிருந்த காற்றை உறிஞ்சியெடுத்து, காஸ் விட்டார். ஆண்கள் வெளியேறியபின் நதீரா அறைக்கு வந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முதல் ஐஸ் தொட்டிக்குள் சரிந்தது. அறை சூடாகவில்லை. இதைப் பார்க்க அவர் இல்லையே.

அந்த நேரம் கடை வாசலில் ஒரு குரல் கேட்டது.

"முபீத் காக்கா, ஐஸ் இரிக்கா?"

நாலைந்து நாள் கடலில் கிடந்து இப்போதுதான் கரையேறிய போட்டுக்காரன். அப்னா அவனுடைய பெட்டியோடு அறைத் திரையருகே ஓடிவந்தாள்.

"உம்மா, அவருக்குத் தெரியா. என்ன சொல்ற?"

"முதல்ல ஐஸக் குடு. மீன் கெட்டுரும்."

நதீரா பெட்டியை நிரப்பினாள். முபீத் போடுகிற மாதிரி மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, திரைக்கு அடியால் வெளியே தள்ளினாள்.