கதவுக்கு வெளியே ஒரு முக்காலி

மருமகள் வேறு நாட்டுப் பெண். கப்பல் வேலைக்குப் போன மகன், போன இடத்தில் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு வந்து நின்றான். தையற்காரம்மாவுக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை. பயம்தான். ஏதாவது செய்யப்போய் அந்தப் பெண் மனசு நோகுமோ என்று தன் வீட்டிலேயே அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

அந்தப் பயத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் பக்கத்து வீட்டுக்காரி. தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். தெருமுனையைத் தாண்டாதவளுக்கு உலகமே அத்துப்படி!

"அக்கா, அவங்க நாட்டுல பிள்ளை பெத்த மறுநாளே எழுந்து வேலை பாப்பாங்களாம். பக்கத்துல போய் நின்னா பிடிக்காதாம். குழந்தையை அவங்களா குடுத்தாதான் தொடணும். நீங்களா கேட்டு வம்புல மாட்டிக்காதீங்க."

பேரன் பிறந்ததும் மகன் கப்பலேறிவிட்டான். அவன் போனில் கேட்டால், "நல்லா இருக்கோம்" என்று மாமியாரும் மருமகளும் ஒரே பாட்டைப் பாடினார்கள். தையற்காரம்மா வேளாவேளைக்குச் சமைத்து, தட்டை மருமகளின் அறைக்கு வெளியே முக்காலியில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மெஷினுக்கு ஓடிவிடுவாள். பேரனுக்கென்று தைத்த சட்டைகள் அலமாரியில் கிடந்தன. கையால் தைத்ததை அவர்கள் குழந்தைக்குப் போடமாட்டார்கள் என்று அதற்கும் ரேடியோ ஒரு செய்தி வாசித்திருந்தாள்.

ஒரு மத்தியானம் நூல் அறுந்து மெஷின் நின்றது. உள்ளே அழுகைச் சத்தம். குழந்தையுடையது இல்லை. தையற்காரம்மா எழுந்துபோய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். ரேடியோ சொன்னது ஞாபகம் வந்தது: 'அழும்போது யாராவது பார்த்தா அவங்களுக்கு அது பெரிய அவமானமாம்.' ஓங்கிய கை இறங்கிவிட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அவளும் அங்கேயே நின்று அழுதாள்.

அடுத்த வாரம் வாசலில் டாக்சி வந்து நின்றது. மருமகள் பெட்டியும் குழந்தையுமாக வெளியே வந்தாள்.

"எங்கேம்மா கிளம்பிட்ட?"

"எங்க அம்மாகிட்ட, அத்தை." புருஷனிடம் கற்ற பேச்சு; ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வந்தது. "எங்க வீட்டுல தொத்து வியாதி வந்தவங்களுக்குத்தான் சாப்பாட்டை வெளிய வெப்போம். எனக்கு வியாதி இல்ல. இவனுக்கும் இல்ல. ஒரு தடவையாவது இவனைத் தூக்கினீங்களா?"

"நீ குடுக்கலையேம்மா..."

"மாமியாரை நாமளா கூப்பிட்டா உங்க நாட்டுல மரியாதைக் குறைவாம். என் சிநேகிதி சொன்னா. நீங்க வருவீங்கன்னு காத்துட்டே இருந்தேன்."

அடக் கடவுளே! அங்கேயும் ஒரு ரேடியோ இருந்திருக்கிறது.

தையற்காரம்மா ஓடிப்போய்ச் சட்டைகளை அள்ளிவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மருமகள் ஒன்றைப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். குழந்தையை மாமியார் மடியில் கிடத்தினாள். தையற்காரம்மா சட்டையை மாட்டப் பார்த்தாள். முழங்கையைத் தாண்டிக் கை ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் ஏறவில்லை. பிறந்த குழந்தைக்கென்று எடுத்த அளவு. பேரன் அவளுக்குத் தெரியாமல் வளர்ந்திருந்தான்.

"இரும்மா, போகாதம்மா."

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன், அத்தை. எனக்கு இப்போ எங்க அம்மா வேணும்." குழந்தையை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ரேடியோ வந்துவிட்டாள். "போயிட்டாளா? நான் அப்பவே நெனச்சேன். அவங்க நாட்டுல பாசமெல்லாம் கிடையாதுக்கா. மாமியார் வீட்டுல ஒட்டவே மாட்டாங்க."

"வாயை மூடுடி!" தையற்காரம்மா போட்ட சத்தத்தில் ரேடியோ நின்றே போனது. "அவ உள்ள அழுதா. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் கதவைத் திறக்கலை. அதுக்கு எந்த நாட்டைக் குத்தம் சொல்லுவ?"

முக்காலியில் காலையில் வைத்த சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது.