சித்தப்பாவின் கடைவாய்ப் பல்

பல் மருத்துவப் பள்ளிக்குப் பல்கலைக்கழகம் முதலில் ஒதுக்கிய இடம், மருத்துவக் கல்லூரியின் பின்புறமிருந்த பழைய சலவைக்கூடம். சுவரெங்கும் ஈரம். நாற்காலிகள் இரண்டு, அவற்றுள் ஒன்று சாயாது. பல் பிடுங்கச் சந்தைக் குறடுக்காரர் போதாதா, அதற்கொரு பட்டம் எதற்கு என்று ஆட்சிக்குழுவில் பாதிப் பேர் கேட்டவண்ணம் இருந்தனர். முதல் தேர்வில் ஒருவரும் தேறாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவதென முடிவாயிற்று.

சொத்தைப் பல்லுள்ள ஒருவரை மாணவரே அழைத்துவந்து, தேர்வாளர் முன்னிலையில் அதை அடைக்கவேண்டும் என்பது விதி. இலவசம் என்றதும் ஊரார் ஓட்டம் பிடித்தனர். ஆள் கிடைக்காமல் உடன் பயின்றோர் விலகிவிட, எஞ்சியவள் நான் மட்டுமே. நல்லவேளையாக, தையற்காரரான என் சித்தப்பாவின் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. அளவான ஆழம், பாடப்புத்தகத்தில் படமாகவே போடலாம். வீடே அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. அவர் இனிப்பைத் தொட்டால் சித்தி தட்டையே எடுத்துவிடுவார்.

"என் வாய்க்குப் போட்ட காவல்ல பாதியை உன் வாய்க்கும் போட்டுக்கயேன்" என்பார் சித்தப்பா அவரிடம்.

தேர்வன்று வீங்கிய கன்னத்துடன் வந்து நின்றார்.

"அடைக்கிறதுன்னா கை ஒடிஞ்சிடும்னு சொன்னியே கண்ணு. அதான் நேத்தே குறடுக்காரர்கிட்ட புடுங்கிட்டு வந்துட்டேன். உனக்கு வேலை மிச்சம்."

உடன் வந்திருந்த சித்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"பொண்ணு இத்தனை வருஷம் படிச்ச படிப்பை ஒரே இழுப்புல புடுங்கிப் போட்டுட்டீங்களே!"

தேர்வாளர் பூட்டுக் கட்சியைச் சேர்ந்தவர். பல் இல்லையேல் தேர்வும் இல்லை என்று பேனாவை மூடினார். ஆளை அழைத்துவந்தேன் என்பதையாவது முறைப்படி பார்த்துப் பதியுங்கள் என்று வற்புறுத்தினேன். வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியை வாய்க்குள் விட்டவர், நெடுநேரம் நிமிரவில்லை.

"எந்தப் பல்லைப் புடுங்கினாங்க?"

"சொத்தைப் பல்லைத்தாங்க."

"சொத்தை இங்கேயே இருக்கு. பக்கத்துல இருந்த நல்ல பல்லைத்தான் காணோம்."

"அதானா, பச்சைத்தண்ணி பட்டா இன்னும் கூசுது" என்றார் சித்தப்பா.

கணவரின் நல்ல பல் போனதற்குச் சித்தி அளவுக்கு மகிழ்ந்த மனைவி உலகில் இருக்க முடியாது.

"வாயை நல்லாத் திறங்க சித்தப்பா" என்று துளைக்கருவியின் மிதியில் கால் வைத்தேன். அடைப்பில் தேர்வாளரால் ஒரு குறையும் காண இயலவில்லை. புறப்படுமுன், பிடுங்கிய பல் எங்கே என்று கேட்டார். சட்டைப்பையில் பொதிந்து வைத்திருந்ததைச் சித்தப்பா பெருமையுடன் நீட்டினார்.

ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில், மாசுமறுவற்ற அந்தப் பல்லை மேசை நடுவே வைத்துவிட்டுத் தேர்வாளர் அமர்ந்தாராம். குறடுக்காரரைப் பற்றி அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. பூட்டும் வரவில்லை, பல்லும் திரும்பி வரவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் சித்தப்பா அதைத்தான் கேட்டார்.